மாறிகளின் வரையெல்லை: நிரலாக்க மொழிகளில் ஒரு வரலாறு

ஒரு நிரலில் எழுதப்படும் பெயர் எந்தப் பகுதி வரை செல்லுபடியாகும், எங்கே செல்லாது என்பதைக் கூறும் விதி வரையெல்லை எனப்படும். ஆங்கிலத்தில் இதை ஸ்கோப் என்பர். தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் இது தனிப் பாடமாகவே உள்ளது. 2019–20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டது. பெயர்களைத் தேடும் வரிசையை அது நான்கு படிகளாகக் கற்பிக்கிறது: முதலில் உள்ளமை, அடுத்து சூழ்ந்திருக்கும் செயற்கூறு, பிறகு முழுதளாவிய எல்லை, இறுதியாக மொழியிலேயே உள்ளிணைந்தவை. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.இ.ஜி.பி. விதி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர்.

தேர்வுக்குப் படிக்கும்போது இந்த நான்கு படிகளும் மாறாத கணித விதிபோலத் தோன்றும். உண்மையில் இவை மனிதர்கள் எடுத்த முடிவுகள். சில அவசரத்தில் எடுக்கப்பட்டவை. சில தவறாகப் போய்ப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் திருத்தப்பட்டவை. நான்கு எழுத்துகளில் இரண்டாவது எழுத்து, பைத்தான் வெளியாகி ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே அதில் சேர்ந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

எல்லை ஊரில் ஒரு சொல்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் உள்ள ஊர் ஆரம்பாக்கம். தமிழ்நாட்டின் எல்லை இங்கே முடிகிறது. அதைத் தாண்டினால் ஆந்திரப் பிரதேசத்தின் தடா. ஆரம்பாக்கத்தில் "ஆட்சியர்" என்றால் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர். தடாவில் அதே சொல் திருப்பதி மாவட்ட ஆட்சியரைக் குறிக்கும். ஒரே பெயர், இரண்டு ஆட்கள், ஆயினும் குழப்பமில்லை. பேசுபவர் நிற்கும் இடம் பொருளைத் தீர்மானித்துவிடுகிறது.

இப்போது ஆரம்பாக்கத்தில் ஒருவர், "இந்த மனுவை ஆட்சியரிடம் கொடுக்கவும்" என்று ஒரு கடிதம் எழுதுகிறார். அதை இன்னொருவர் தடாவுக்கு எடுத்துச் சென்று அங்கே பிரித்துப் படிக்கிறார். அந்தக் கடிதத்தில் உள்ள ஆட்சியர் யார்? எழுதிய ஊரின் ஆட்சியரா, படித்த ஊரின் ஆட்சியரா? நிரலாக்க மொழிகளின் வரலாற்றில் பல பத்தாண்டுகள் நீடித்த கேள்வி இதுவே.

இதை ஒரு சிறு நிரலாக எழுதலாம். இது விளக்கத்துக்காக எழுதப்பட்டது. எந்த ஒரு மொழியின் இலக்கணத்தையும் முழுமையாகப் பின்பற்றவில்லை. "பதிப்பி", "முடி" ஆகிய சொற்கள், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியில் உள்ளவை.

ஆட்சியர் = "திருவள்ளூர்"

செயற்கூறு மனு()
    பதிப்பி ஆட்சியர்
முடி

செயற்கூறு தடா()
    உள்ளமை ஆட்சியர் = "திருப்பதி"
    மனு()
முடி

தடா()

எழுதிய இடத்தைப் பார்க்கும் மொழியில் இந்த நிரல் "திருவள்ளூர்" என்று அச்சிடும். மனு என்னும் செயற்கூறு எழுதப்பட்ட இடத்தைச் சூழ்ந்திருப்பது முதல் வரியில் உள்ள ஆட்சியர்தான். இது நிலை வரையெல்லை, அதாவது லெக்சிகல் ஸ்கோப். அழைத்த இடத்தைப் பார்க்கும் மொழியில் இதே நிரல் "திருப்பதி" என்று அச்சிடும். மனுவை அழைத்தது தடா. அழைத்தவரிடம் அப்போது இருந்த ஆட்சியர் திருப்பதி. இது இயங்கு வரையெல்லை, அதாவது டைனமிக் ஸ்கோப்.

தொடக்ககால மொழிகள்

1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. 1958இல் வந்த இரண்டாம் பதிப்பு துணை நிரல்களை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு துணை நிரலின் மாறிகளும் அதற்கே உரியவை. இரண்டு துணை நிரல்கள் ஒரு மதிப்பைப் பகிர வேண்டுமானால் "காமன்" என்னும் பொது நினைவகப் பகுதியை அறிவிக்க வேண்டும்.

இந்தப் பொதுப் பகுதியில் ஓர் ஆபத்து இருந்தது. அது மாறிகளைப் பெயரால் இணைக்கவில்லை, வரிசையால் இணைத்தது. ஒரு துணை நிரலில் முதல் இடத்தில் நீளமும் இரண்டாம் இடத்தில் அகலமும் இருந்து, இன்னொன்றில் அவை இடம் மாறி அறிவிக்கப்பட்டால், கணினி எந்தப் பிழையும் சொல்லாது. நீளம் அகலமாகிவிடும், விடை மட்டும் தவறாக வரும்.

இந்தியாவில் கணினி கற்ற முதல் தலைமுறை ஃபோர்ட்ரான் வழியாகவே இவ்விதிகளைச் சந்தித்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் கற்பித்த பேராசிரியர் வி. ராஜாராமனின் பாடநூல்கள் ஃபோர்ட்ரான் நிரலாக்கத்தை நாடெங்கும் பரப்பின. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணினி நிறுவப்பட்டது.

அதே காலத்தில் வணிகத்துக்காக வந்த கோபால் மொழியில், நிரலின் தரவுகள் அனைத்தும் தனிப் பிரிவொன்றில் அறிவிக்கப்பட்டன. நிரலின் எந்த மூலையிலிருந்தும் அவற்றைத் தொடலாம். 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியிலும் ஏறத்தாழ எல்லா மாறிகளும் முழுதளாவியவையே. சிறு நிரலுக்கு இது எளிது. நிரல் நீண்டால், 20ஆம் வரியில் வைத்த மதிப்பை 900ஆம் வரி மாற்றியிருக்கிறதா என்று தேட வேண்டிவரும்.

அல்கால் 60: எல்லைக் கோடு வரையப்படுதல்

1960 சனவரியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த 13 அறிஞர்கள் பாரிஸில் கூடினர். அக்கூட்டத்தின் விளைவாக, பீட்டர் நவுர் தொகுத்த அறிக்கையின் வழியே அல்கால் 60 மொழி வெளிவந்தது. "பிகின்", "எண்ட்" என்னும் இரு சொற்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு தொகுதி. அதற்குள் அறிவித்த பெயர் அதற்கு வெளியே தெரியாது. உள் தொகுதி வெளித் தொகுதியைப் பார்க்கலாம். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. உள்ளே அதே பெயரை மீண்டும் அறிவித்தால், அந்தப் பகுதிக்குள் வெளிப்பெயர் மறைந்துவிடும்.

பெயரின் பொருளை, நிரலை ஓட்டாமலே, தாளில் படித்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதே இதன் பெரும்பயன். பாஸ்கல், சி, ஜாவா என்று பின்னர் வந்த பல மொழிகளின் தொகுதி எல்லை இங்கிருந்து தொடங்குகிறது.

லிஸ்ப்: ஒரு பழுது நிலைபெற்ற கதை

1958இல் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். அதன் பொருள்பெயர்ப்பி, பெயர்களையும் மதிப்புகளையும் இணைகளாக ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு பெயர் தேவைப்பட்டால் கடைசியாகச் சேர்ந்ததிலிருந்து பின்னோக்கித் தேடும். இப்படித் தேடினால் கிடைப்பது எழுதிய இடத்தின் மதிப்பன்று, அழைத்தவரின் மதிப்பு. எளிமையாக எழுதிய பொருள்பெயர்ப்பி, யாரும் திட்டமிடாமலே இயங்கு வரையெல்லையைக் கொண்டுவந்துவிட்டது.

ஒரு செயற்கூற்றை இன்னொரு செயற்கூற்றுக்கு உள்ளீடாக அனுப்பியபோது சிக்கல் வெளிப்பட்டது. ஜேம்ஸ் ஸ்லேகிள் எழுதிய நிரல் தவறான விடை தந்தது. பின்னாளில் லிஸ்பின் வரலாற்றை எழுதிய மெக்கார்த்தி, தாம் அதைச் சாதாரணப் பழுது என்றே கருதியதாகவும், ஸ்டீவ் ரசல் சரிசெய்துவிடுவார் என்று எதிர்பார்த்ததாகவும் குறிப்பிட்டார். ரசல் ஒரு தீர்வும் தந்தார். ஆனால் மொழியின் அடிப்படை நடத்தை அப்படியே நின்றது. அதை நம்பிப் பலர் நிரல்கள் எழுதினர். பழுது ஒரு மரபாகிவிட்டது.

தெளிவான விடையை 1964இல் பிரிட்டனின் பீட்டர் லாண்டின் எழுதினார். ஒரு செயற்கூற்றை எடுத்துச் செல்லும்போது அதன் வரிகளோடு, அது பிறந்த சூழலையும் சேர்த்துக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். இந்தக் கட்டுக்கு அவர் குளோஷர் என்று பெயரிட்டார். நம் கடித உவமையில், மனுவின் தலைப்பில் "இடம்: ஆரம்பாக்கம்" என்று எழுதி அனுப்புவதற்கு இது சமம். எங்கே பிரித்தாலும் ஆட்சியர் யார் என்ற ஐயம் வராது.

1975இல் ஜெரால்டு சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம், நிலை வரையெல்லையை லிஸ்ப் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. 1984இன் காமன் லிஸ்ப் அதையே இயல்பாக்கியது. ஈமாக்ஸ் தொகுப்பானின் லிஸ்ப் மொழிக்கு அது 2012இல்தான் ஒரு தேர்வாக வந்து சேர்ந்தது.

இயங்கு வரையெல்லை முற்றிலும் மறைந்துவிடவில்லை. லினக்ஸ் பயனர்கள் அறிந்த பேஷ் கட்டளை மொழியில், ஒரு செயற்கூற்றின் உள்ளமை மாறி, அது அழைக்கும் செயற்கூறுகளுக்கும் தெரியும். பெர்ல் மொழியில் இரண்டும் உண்டு. "லோக்கல்" என்ற சொல் இயங்கு முறைக்கும், 1994இன் ஐந்தாம் பதிப்பில் வந்த "மை" என்ற சொல் நிலை முறைக்கும் பயன்படுகின்றன.

சி மொழி: எல்லை வேறு, ஆயுள் வேறு

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் அறிவித்த மாறி அங்கேயே முடிகிறது. செயற்கூறுகளுக்கு வெளியே அறிவித்த மாறி நிரல் முழுவதற்கும் உரியது. அதன் முன் "ஸ்டேட்டிக்" என்று எழுதினால் அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரியும்.

அதே "ஸ்டேட்டிக்" என்ற சொல்லைச் செயற்கூற்றுக்குள் எழுதினால் வேறு பலன் கிடைக்கும். மாறியின் பெயர் வெளியே தெரியாது; ஆனால் செயற்கூறு முடிந்த பின்னும் மதிப்பு அழியாது. ஒரு பெயர் எங்கே தெரியும் என்பது வரையெல்லை. அதன் மதிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஆயுள். மாணவர்கள் அடிக்கடிக் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

முழுதளாவிய மாறிகள் பெருகுவதன் தீமையை 1973இல் வில்லியம் வுல்ஃப், மேரி ஷா ஆகிய இருவரும் ஒரு கட்டுரையில் விவாதித்தனர். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய மதிப்பை நம்பி எழுதிய நிரலை, அதன் ஒரு பகுதியை மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது அத்தகைய எதிர்ப்பின் சாரம்.

ஜாவாஸ்கிரிப்ட்: பத்து நாளில் எழுதி இருபது ஆண்டில் திருத்தியது

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் பத்து நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அம்மொழியில் "வார்" என்று அறிவித்த மாறிக்குத் தொகுதி எல்லை கிடையாது. செயற்கூறு முழுவதும் அது தெரியும். அறிவிக்காமலே ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால் அது முழுதளாவிய மாறியாகிவிடும். ஒரே வலைப்பக்கத்தில் ஏற்றப்படும் எல்லா நிரல்களும் ஒரே முழுதளாவிய வெளியைப் பகிர்ந்தன. விளம்பரத்துக்காக எழுதிய நிரலும் படிவத்துக்காக எழுதிய நிரலும் ஒரே பெயரைப் பயன்படுத்தினால் ஒன்று மற்றொன்றை அழித்தது.

நிரலாளர்கள் தங்கள் நிரல் முழுவதையும் ஒரு செயற்கூற்றுக்குள் அடைத்து உடனே அழைத்துவிடும் உத்தியால் பல ஆண்டுகள் சமாளித்தனர். 2009இல் வந்த கண்டிப்பு முறை, அறிவிக்காத பெயர்களுக்குத் தடை போட்டது. 2015இல் "லெட்", "கான்ஸ்ட்" என்னும் அறிவிப்புகள் வந்தன. அல்கால் 1960இல் வரைந்த தொகுதி எல்லை ஜாவாஸ்கிரிப்டுக்கு 55 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

பைத்தான்: இரண்டாவது எழுத்தின் வருகை

கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தானில் தொடக்கத்தில் மூன்று எல்லைகளே இருந்தன: உள்ளமை, முழுதளாவியது, உள்ளிணைந்தது. ஒரு செயற்கூற்றுக்குள் இன்னொன்றை எழுதினால், உள்ளே இருப்பதால் வெளிச்செயற்கூற்றின் மாறிகளைப் பார்க்க முடியாது. 2001இல் வந்த 2.1 பதிப்பு இதை ஒரு விருப்பத் தேர்வாகவும், அடுத்த பதிப்பு இயல்பாகவும் மாற்றியது. எல்.இ.ஜி.பி.யின் இரண்டாவது எழுத்து அப்போது பிறந்தது.

அப்போதும் உள்ளே இருந்து வெளிமாறியைப் படிக்கத்தான் முடிந்தது, மாற்ற முடியவில்லை. 2008இன் 3.0 பதிப்பில் வந்த "நான்லோக்கல்" என்ற சொல் அதற்கு வழி தந்தது.

பைத்தானில் மாறிகளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆகவே ஒரு செயற்கூற்றுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால், அச்செயற்கூறு முழுவதிலும் அது உள்ளமை என்று மொழி கொள்கிறது. முதல் வரியில் முழுதளாவிய மாறியை அச்சிட்டு, இரண்டாம் வரியில் அதே பெயருக்குப் புது மதிப்பு கொடுக்கும் மாணவருக்கு, முதல் வரியிலேயே பிழைச் செய்தி வருவதன் காரணம் இதுதான். பி.எச்.பி. மொழி இன்னும் கண்டிப்பானது. அங்கே "குளோபல்" என்று அறிவிக்காமல், செயற்கூற்றுக்குள்ளிருந்து வெளிமாறியைப் படிக்கவும் இயலாது.

ஒரு மடக்கு மாறியும் 30 லட்சம் சான்றிதழ்களும்

வரையெல்லை பற்றிய சிறு முடிவு எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 2020இல் கிடைத்தது. இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்களை இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மென்பொருள், கோ மொழியில் எழுதப்பட்டது. கோ மொழியில் அப்போது ஒரு மடக்கு எத்தனை முறை சுற்றினாலும் மடக்கு மாறி ஒன்றே. ஒவ்வொரு சுற்றிலும் அதன் முகவரியைக் குறித்து வைத்தால், எல்லாக் குறிப்புகளும் ஒரே இடத்தையே காட்டும்.

இதனால், பல தளப்பெயர்கள் கொண்ட ஒரு விண்ணப்பத்தில் ஒவ்வொரு பெயரையும் மறுசோதனை செய்ய வேண்டிய மென்பொருள், ஒரே பெயரை அத்தனை முறையும் சோதித்தது. பழுது 2020 பிப்ரவரி 29 அன்று உறுதியானது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் இதனால் பாதிக்கப்பட்டதாக அமைப்பு அறிவித்தது.

மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழி இதே வகைச் சிக்கலை 2012இலேயே திருத்தியிருந்தது. கோ மொழி 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி என்று விதியை மாற்றியது.

தொழிற்பேட்டையில் வரையெல்லை

வரையெல்லை கணினித் திரையோடு நிற்பதன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலைக்குச் செல்லும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் இதைச் சி.என்.சி. இயந்திரத்தில் சந்திக்கின்றனர். ஃபேனக் வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மேக்ரோ மொழியில் மாறிகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. #1 முதல் #33 வரை உள்ளமை மாறிகள். #100இல் தொடங்குபவை எல்லா நிரல்களுக்கும் பொதுவானவை. மின்சாரத்தை நிறுத்தினால் பொதுவாக அழிந்துவிடும். #500இல் தொடங்குபவையும் பொதுவே. ஆனால் மின்சாரம் நின்றாலும் மதிப்பு இருக்கும். #1000 முதல் இயந்திரத்தின் சொந்த மாறிகள் தொடங்குகின்றன. #100க்கும் #500க்கும் உள்ள வேறுபாடு வரையெல்லையில் இல்லை, ஆயுளில் உள்ளது.

அழைக்கும் முறையும் முக்கியம். ஜி65 கட்டளையால் ஒரு மேக்ரோவை அழைத்தால் அதற்குப் புதிய #1–#33 தொகுப்பு கிடைக்கும். அழைத்த நிரலின் மதிப்புகள் பத்திரமாக இருக்கும். எம்98 கட்டளையால் துணை நிரலை அழைத்தால் புதிய தொகுப்பு கிடையாது. அது அழைத்த நிரலின் மாறிகளையே தொடும்.

ஒரு நிரல் #101இல் வெட்டும் ஆழம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்திருக்க, அது அழைக்கும் இன்னொரு நிரல் அதே #101ஐத் துளைகளை எண்ணப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? ஆறு துளை முடிந்ததும் ஆழம் 6 மில்லிமீட்டர் ஆகிவிடும். எண் சரியான எண்தான் என்பதால் இயந்திரம் எச்சரிக்காது. டூல் உடையலாம், ஜாப் வீணாகலாம். எந்த எண் எந்த வேலைக்கு என்று ஒரு பட்டியல் எழுதி இயந்திரத்தின் அருகில் வைத்துக்கொள்வது இதற்கு எளிய காப்பு.

பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் கதையும் இதுவே. பழைய ஏணி வரைபட நிரல்களில் நினைவக முகவரிகள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. 1993இல் முதலில் வெளியான, இன்று ஐ.ஈ.சி. 61131-3 என அறியப்படும் பன்னாட்டுத் தரம், உள்ளமை மாறி, முழுதளாவிய மாறி என்னும் பிரிவைத் தொழிற்சாலை நிரல்களுக்கும் முறைப்படுத்தியது.

முடிவுரை

அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் மொழிகள் பெரும்பாலும் ஒரே திசையில் நகர்ந்துள்ளன. பெயரின் பொருளை எழுதிய இடமே தீர்மானிக்க வேண்டும். அப்பெயர் தேவையான தூரம் மட்டுமே செல்ல வேண்டும். அதற்கு அப்பால் செல்வதானால் நிரலாளர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லிஸ்ப், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், கோ ஆகிய நான்கும் வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து இந்த முடிவை நோக்கி வந்தன. நிரலைப் படிப்பவர் அதை ஓட்டிப் பார்க்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையே அவற்றை இழுத்து வந்தது.

புதிய மொழியொன்றைக் கற்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டால் அதன் வரையெல்லை விதிகள் பெரும்பாலும் தெளிவாகிவிடும். அறிவிக்காத பெயருக்கு மதிப்பு கொடுத்தால் அது எங்கே சேரும்? தொகுதி முடிந்த பின் அதன் மாறி தெரியுமா? மேலே கண்ட ஆட்சியர் நிரலை அம்மொழியில் எழுதி ஓட்டினால், அச்சாவது திருவள்ளூரா, திருப்பதியா?